தேசிய அணிக்கு ஆடிய பயிற்றுநர் அறிமுகப்படுத்தும் முகவருக்குக் காசு கட்டலாமா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். நாட்டு அணியில் முன்கள வீரராக இருந்த ஒருவரிடம் 14 வயது மகன் உதைபந்தாட்டம் பழகுகிறான். அவர் அறிமுகப்படுத்திய முகவர், கட்டாரில் ஒரு கழகத்தின் தேர்வுக்கு 4 இலட்சம் ரூபா கேட்கிறார். கணவர் அங்கே டோஹாவில் வேலை செய்வதால் சிக்கல் வராது என்று முகவர் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீஃபாவின் விதிப்படி, 18 வயது நிறையாத பிள்ளையை வேறு நாட்டுக் கழகம் பொதுவாகப் பதிவு செய்ய முடியாது. விதிவிலக்கு ஒன்றும் பொருந்தாவிட்டால், தேர்வில் மகன் பத்துக் கோல் அடித்தாலும் அந்தக் கழகம் அவனைச் சேர்த்துக்கொள்ள வழியில்லை. சிறுவர் பதிவில் விதி மீறியதற்காக 2014இல் ஸ்பெயினின் பெரிய கழகமான பார்சலோனாவுக்கே வீரர் சேர்ப்புத் தடை விழுந்தது. உண்மையான கழகம் பையனிடம் காசு கேட்காது. தன் காசைச் செலவழித்துத்தான் பார்க்கும்.

தகப்பன் அங்கே இருக்கிறார் என்பதைத்தான் முகவர் பிடித்திருக்கிறார். அப்படி ஒரு விலக்கு உண்டு. உதைபந்தாட்டத்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காகப் பெற்றோர் அந்த நாட்டுக்குக் குடிபெயர்ந்திருந்தால் பிள்ளை அங்கே பதியலாம். ஆனால் குடும்பம் அங்கே வாழ வேண்டும். கணவர் கம்பனி அறையில் நாலு பேரோடு தங்கியிருப்பவர் என்றால் குடும்ப விசா எடுப்பதே பெரும்பாடு. சுற்றுலா விசாவில் போய் நிற்கும் பையனுக்கு விலக்கு பொருந்தாது. சித்தப்பா வீட்டில் விட்டாலும் பொருந்தாது. வேலை முதலில் வந்ததா, கழகம் முதலில் வந்ததா என்று திகதி பார்ப்பார்கள். வேலை ஒப்பந்தம், வதிவிட அனுமதி, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் சேர்த்து பீஃபாவிடம் அனுமதி கேட்பது அந்த நாட்டுச் சங்கம். முகவருக்கு அதில் வேலையே இல்லை. நீங்கள் எல்லோரும் அங்கே போய்க் குடியிருக்கப் போவது உறுதி என்றால் மட்டும் யோசியுங்கள். அப்போதும் இந்த 4 இலட்சம் தேவையில்லை.

இப்படிப்பட்டவர்கள் கம்பனிப் பதிவுச் சான்றிதழைக் காட்டுவார்கள். அது வெறும் வியாபாரப் பதிவு. பீஃபாவின் முகவர் உரிமம் பரீட்சையில் தேறிய தனி ஆளுக்குத்தான், கம்பனிக்கு இல்லை. பீஃபா இணையத்தளத்தில் முகவர் பட்டியல் இருக்கிறது. கடவுச்சீட்டில் உள்ள அவருடைய முழுப்பெயரைக் கேட்டு வாங்கித் தேடுங்கள். மழுப்பினால் பேச்சை அத்தோடு நிறுத்துங்கள். மகனின் கடவுச்சீட்டையும் பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதியையும் ஒருவரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வயதைக் குறைத்துப் பத்திரம் எடுத்துத் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்புங்கள்; பிடிபட்டால் தடை உங்கள் பிள்ளைக்குத்தான்.

பயிற்றுநர் ஏன் இதற்குத் துணைபோகிறார்? மகன் நாளை வெளிநாட்டில் தொழில்முறை வீரனானால், 12 வயதிலிருந்து அவனை வளர்த்த கழகங்களுக்குப் பயிற்சி இழப்பீடு கொடுக்க வேண்டும் என்பது பீஃபா விதி. பதிவில்லாத பயிற்சி முகாமுக்கு அதில் ஒரு சதமும் வராது. ஆண்டுக்கணக்காக வெயிலில் நின்று பழக்கியவர் தரகுக் காசைப் பார்க்கும் நிலை இப்படித்தான் உண்டாகிறது. இதைத் திருத்த வேண்டிய இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனமோ 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை பீஃபாவின் தடையில் கிடந்தது. அப்போது கொழும்பில் பதவிக் கதிரைக்குச் சண்டை. பிள்ளைகளின் பதிவேட்டைப் பற்றிக் கவலைப்பட யாருமில்லை. மகன் எந்தக் கழகத்தின் பெயரில், எந்தத் திகதியில் பதியப்பட்டான் என்ற படிவத்தின் பிரதியை நீங்களே கேட்டு வாங்கி வையுங்கள்.

இதற்காகப் பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை. நாட்டுக்கு ஆடியது வேறு, சிறுவரைப் பழக்குவது வேறு. ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனம் பயிற்றுநர்களுக்குக் கொடுக்கும் ‘சி’ உரிமமாவது அவரிடம் உண்டா என்று கேளுங்கள். ஒரு மாலை மைதான ஓரத்தில் நின்றும் பாருங்கள். இருபது பேர் வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் கோலுக்கு அடித்தால், மகன் பெரும்பாலான நேரம் சும்மாதான் நிற்பான்.  நாலுக்கு நாலு பேராகப் பிரித்துச் சின்னக் கோல்களோடு ஆடவிட்டால் பந்து ஓயாமல் காலுக்கு வரும். வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில் மாலை நாலரைக்கு முன் தொடங்கவிடாதீர்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து, அமத்தினால் நோகிறது என்று மகன் சொன்னால், வளரும் வயதில் அங்குள்ள எலும்பைத் தசைநார் இழுப்பதால் வரும் நோவாக இருக்கலாம். வைத்தியரிடம் காட்டி, ஓட்டத்தையும் பாய்ச்சலையும் சில வாரம் குறைக்க வேண்டும். ஓடினால் சரியாகிவிடும் என்று பயிற்றுநர் விரட்டினால், அந்த வாரங்களுக்கு மகனை மைதானத்துக்கே அனுப்பாதீர்கள்.