தோட்டத்து வேலைக்கு எந்த மல்டிடூல்?

கேள்வி: தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வெளிக்கள உத்தியோகத்தராக இருக்கிறேன். காலையில் பிரட்டுக்களத்துக்கு (ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் இடம்) போனால் பின்னேரம் வரை மலையில்தான். வீட்டுக்குத் தண்ணீர் வரும் ஹோஸ் அடிக்கடி கழன்றுவிடும். மோட்டார் சைக்கிளிலும் சின்னச் சின்ன வேலை வரும். எப்போதும் இடுப்பில் வைத்திருக்க நல்ல மல்டிடூல் (பல கருவிகள் ஒன்றாக மடிந்திருப்பது) ஒன்று வாங்கக் காசு சேர்த்திருக்கிறேன். 18 வேலை செய்யும் லெதர்மேன் வேவ் பிளஸ்தான் சரி என்கிறார் ஒருவர். சிவப்பு விக்டோரினொக்ஸ் கத்தியே போதும் என்கிறார் இன்னொருவர். நடைபாதைக் கடையில் இதே மாதிரி ஒன்று பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: உங்களுக்குக் குறடு உள்ள கருவிதான் வேண்டும். சிவப்புக் கத்தி நல்ல கத்தி, ஆனால் நீங்கள் சொன்ன வேலைகளுக்குப் போதாது. கழன்ற ஹோஸைப் பிடித்து இழுப்பது, கட்டுக்கம்பியை முறுக்குவது, துருப்பிடித்த ஆணியைப் பிடுங்குவது, சூடான சைலன்சர் பக்கத்தில் விழுந்த நட்டை எடுப்பது எல்லாம் பிடிக்கிற வேலை. லெதர்மேன் கம்பனியைத் தொடங்கிய டிம் லெதர்மேன் 1975இல் பழைய ஃபியட் கார் ஒன்றில் ஐரோப்பா சுற்றியபோது, அவரிடம் இருந்தது ஒரு சாரணர் கத்தி மட்டும். வண்டியும் தங்குமிடத்துக் குழாய்களும் பழுதாகும்போதெல்லாம் இதில் ஒரு குறடும் இருந்தால் நன்றாக இருக்குமே என்று அவருக்குத் தோன்றியது. அந்தத் தேவையிலிருந்து பிறந்த முதல் கருவி 1983இல் விற்பனைக்கு வந்தது. உங்கள் தேவையும் அதேதான்.

அடுத்து, 18 என்ற எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள். வேவ் பிளஸின் குறட்டுத் தலை ஒன்றையே கம்பனி ஐந்தாகக் கணக்கிடுகிறது: கூர்மூக்கு, நடுப்பகுதியின் அகலப் பிடி, கம்பி வெட்டும் இடம், கடினக் கம்பி வெட்டும் இடம், வயர் முனையை நசுக்கும் இடம். ஓரத்தில் பொறித்த அளவுகோலும் எண்ணிக்கையில் ஒன்று. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, பல உற்பத்தியாளர்களும் இப்படித்தான் எண்ணுகிறார்கள். ஆனால் நாளாந்தப் பாவனையில் கை திரும்பத் திரும்பத் தேடுவது நான்கைத்தான்: குறடு, தட்டை ஸ்குரூ டிரைவர், கத்தி, கத்தரிக்கோல். கடையில் நிற்கும்போது இந்த நான்கும் எவ்வளவு சுலபமாகக் கைக்கு வருகின்றன என்று மட்டும் பாருங்கள்.

கத்தரிக்கோலை நான் ஏன் சேர்க்கிறேன் என்று நினைக்கலாம். கையில் வெட்டுப்பட்டு பிளாஸ்டர் ஒட்டும்போதும், உரமூட்டையின் தையல் நூலை அறுக்கும்போதும், மருந்துப் பட்டையைப் பிரிக்கும்போதும் கத்தியைவிட அதுதான் பாதுகாப்பு. ஈரமான, குளிரில் விறைத்த விரல்களுக்குக் கத்தி ஆபத்தானது. லெதர்மேன் ரீபார் மிக உறுதியான கருவி, 189 கிராம்தான், ஆனால் அதில் கத்தரிக்கோல் இல்லை. கத்தியை எடுக்கக்கூடக் குறட்டை விரித்தாக வேண்டும். ஸ்கெலிடூல் 142 கிராம், இடுப்பில் இருப்பதே தெரியாது. அதிலும் கத்தரிக்கோல் இல்லை, மரம் அறுக்கும் வாளும் இல்லை. நகரத்தில் அலுவலகம் போய் வருபவருக்கு அதைத் தயங்காமல் சொல்வேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

மிச்சம் இருப்பது வேவ் பிளஸும் விக்டோரினொக்ஸ் ஸ்விஸ்டூல் ஸ்பிரிட்டும். உண்மையான போட்டி இங்கேதான்.

வேவ் பிளஸ் 241 கிராம். கத்தி, பல்வைத்த கத்தி, வாள், அரம் நான்கும் வெளிப்பக்கத்தில் இருக்கின்றன. கத்தியைக் கட்டைவிரலால் ஒரே கையில் திறக்கலாம், திறந்ததும் பூட்டிக்கொள்ளும். சரிவில் ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு இது பெரிய வசதி. கம்பி வெட்டும் அலகு மழுங்கினால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். குறை எங்கே என்றால், ஸ்குரூ டிரைவரும் கத்தரிக்கோலும் உள்ளே இருக்கின்றன. ஹோஸ் கிளிப்பை இறுக்க ஒவ்வொரு முறையும் கருவியை முழுதாக விரிக்க வேண்டும். இன்னொன்று, அதன் பிட் (மாற்றிப் போடும் ஸ்குரூ டிரைவர் முனை) தட்டையான தனி வடிவம். ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் கால் அங்குல அறுகோண பிட் அதில் நேராகச் சேராது, அதற்கென்று விற்கும் நீட்டுத்தண்டை வேறாக வாங்க வேண்டும். பிட் தொலைந்தால் ஹட்டன் கடைகளில் தேடி அலையத்தான் வேண்டியிருக்கும்.

ஸ்பிரிட் சுமார் 210 கிராம். அதன் எல்லா உபகரணங்களும் வெளியிலிருந்தே திறக்கும், எல்லாம் பூட்டிக்கொள்ளும். குறட்டை விரிக்காமலே ஸ்குரூ டிரைவரை எடுத்து, கிளிப்பை இறுக்கி, மடித்து வைத்துவிடலாம். கைப்பிடி வளைந்து மழுமழுப்பாக இருப்பதால் பலம் கொடுத்து அழுத்தும்போது உள்ளங்கையில் குத்தாது. இதன் குறையையும் கேளுங்கள். சாதாரண வகையில் கத்தியைத் திறக்க இரண்டு கையும் நகமும் வேண்டும். கம்பி வெட்டும் இடத்தை மாற்ற முடியாது, கடினமான உருக்குக் கம்பிக்கு அது செய்யப்படவும் இல்லை. கிளட்ச் கேபிளை அதில் வைத்து நசுக்கினால் அலகில் பள்ளம் விழும்.

உங்கள் வேலைக்கு நான் ஸ்பிரிட்டைத்தான் சொல்வேன். தண்ணீர் ஹோஸும் ஸ்குரூவும் உங்களுக்கு அடிக்கடி வரும் வேலை, கடினக் கம்பி எப்போதாவது வருவது. வேலி அடைப்பதும் கம்பி வெட்டுவதும் அன்றாட வேலையாக இருந்திருந்தால் வேவ் பிளஸ் என்று மாற்றிச் சொல்லியிருப்பேன். இந்த இரண்டில் எதற்கும் காசு போதாவிட்டால் லெதர்மேன் விங்மேனைப் பாருங்கள். 198 கிராம், குறடு ஸ்பிரிங்கில் தானாக விரியும், கத்தியும் கத்தரிக்கோலும் வெளியே இருக்கும். கம்பி வெட்டும் அலகை மாற்ற முடியாது என்றாலும் கொடுக்கிற காசுக்கு நேர்மையான கருவி.

மோட்டார் சைக்கிளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மல்டிடூல் குறட்டால் நட்டைத் திருகாதீர்கள். நட்டின் மூலைகள் உருண்டுவிடும், பிறகு ஸ்பேனரும் பிடிக்காது. 10 மற்றும் 12 மில்லிமீற்றர் ஸ்பேனர் இரண்டை வண்டியின் பெட்டியில் போட்டு வையுங்கள். யப்பான் தயாரிப்பு வண்டியாக இருந்தால் இன்னொரு சங்கதியும் உண்டு. பிரேக் எண்ணெய்க் குப்பியின் மூடியில் இருக்கும் நட்சத்திர ஸ்குரூ, வெளித்தோற்றத்தில் பிலிப்ஸ் என்ற வழக்கமான நட்சத்திர வடிவம் போலத் தெரிந்தாலும் அது ஜே.ஐ.எஸ். எனப்படும் யப்பான் தர வடிவம். மல்டிடூலின் பிலிப்ஸ் முனை அதில் முழுதாக இறங்காமல் நழுவித் தலையை அரைத்துவிடும். அதற்கென்று ஜே.ஐ.எஸ். ஸ்குரூ டிரைவர் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நடைபாதைக் கடைச் சாமானுக்கு வருவோம். விலை குறைந்த எல்லாமே கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பிரபல பெயரைப் பொறித்த போலிகள் நிறைய உண்டு, கையில் எடுத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். குறட்டை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். முனைகள் இரண்டும் நேராகச் சந்திக்க வேண்டும். விரித்த குறட்டைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடக்கூடாது. கத்தியைத் திறந்து, கூர்ப்பக்கம் விரலுக்கு எதிரே வராதபடி பிடித்து, முதுகில் மெதுவாக அழுத்துங்கள். பூட்டு விட்டுக்கொடுத்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் அது ஒருநாள் உங்கள் விரலின் மேல்தான் மூடும். அப்புறம் ஒரு மெல்லிய தாளை வைத்துக் கம்பி வெட்டும் இடத்தால் வெட்டிப் பாருங்கள். தாள் கிழியாமல் வெட்டுப்பட வேண்டும். விலை கூடிய கருவிகளுக்கு உத்தரவாதம் இருக்கிறது (லெதர்மேனுக்கு 25 ஆண்டு, விக்டோரினொக்ஸுக்கு உற்பத்திக் குறைகளுக்கு ஆயுள் முழுதும்). ஆனால் அதைக் கோர யாரிடம் கொடுக்க வேண்டும், அனுப்பும் செலவு யாருடையது என்பதை வாங்கும்போதே கேட்டுப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

இனி, நம் மலைநாட்டுக்கே உரிய விஷயம் துரு. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. தலவாக்கலையில் அவ்வளவு இல்லாவிட்டாலும், மிஸ்ட் இறங்கினால் உடுப்பே காயாது. துருப்பிடிக்காத உருக்கு என்று எழுதியிருக்கிறதே என்று கேட்பீர்கள். கூர் நிற்க வேண்டும் என்பதற்காகக் கத்தி உருக்கில் கரிமத்தைக் கூட்டிக் கடினமாக்குகிறார்கள். அப்படிச் செய்தால் சமையல் பாத்திர உருக்குக்கு உள்ள அளவு துரு எதிர்ப்பு இதற்கு இருக்காது. வேவ் பிளஸில் உள்ள 420எச்சி என்ற வகை உருக்கில் துருவைத் தடுக்கும் குரோமியம் சுமார் 13 சதவீதம். ஈரத்தோடு மூடி வைத்தால் அதிலும் புள்ளி விழும். துரு தொடங்கும் இடம் பெரும்பாலும் குறட்டின் மூட்டும் ஸ்பிரிங் இருக்கும் இடுக்குகளும்தான், அலகு பிறகுதான். கொழுந்துச் சாறு படிந்தால் அதையும் உடனே துடையுங்கள். தேயிலையின் துவர்ப்புப் பொருளான டனின் இரும்போடு சேர்ந்து கறுப்புக் கறையாகிவிடும்.

ஆகவே தோல் உறை வேண்டாம். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு கருவியை நனைத்தபடியே இருக்கும். நைலோன் உறை வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் விரித்துத் துடைத்து, அடுப்படிப் பக்கம் கொஞ்ச நேரம் காயவிட்டு, மூட்டில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விடுங்கள். தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையும். நம் குளிரில் அது மூட்டுக்குள்ளேயே கட்டியாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும், நாளாக ஆகக் காறிப் பிசினாகிவிடும். பிறகு குறடு விரிவதற்கே அடம்பிடிக்கும்.

மின்சாரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. இந்தக் கருவிகளின் கைப்பிடி வெறும் உலோகம், காப்பு எதுவும் கிடையாது. வயர் உரிக்கும் இடம் இருப்பதைப் பார்த்து, லைட் போகும்போது பிளக்கைத் திறக்கத் தோன்றும். நம்முடைய மின்சாரம் 230 வோல்ட், பழைய லயன் காம்பராக்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வயரிங்கை நம்பவே முடியாது. மெயின் சுவிட்சை அணைத்து, டெஸ்டரால் பார்த்து உறுதிசெய்த பிறகுதான் கருவி வயரைத் தொட வேண்டும். டெஸ்டர் இல்லையென்றால் தொடவே வேண்டாம், மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

இடுப்பில் இருப்பது பழகிப்போய் அதை மறந்துவிடுவீர்கள். கண்டி தலதா மாளிகை வாசலில் பையைச் சோதிப்பார்கள், கத்தி உள்ள எதையும் கொண்டு உள்ளே போக முடியாது. கட்டுநாயக்காவில் விமானம் ஏறினால் கைப்பையில் வைக்காமல், அனுப்பும் பெட்டிக்குள் போடுங்கள். பாடசாலைக்கோ நீதிமன்றத்துக்கோ போகும் நாளில் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.