திகில் சிறுகதையைப் புத்தகத்தில் படித்தால்தான் பயமா? ஒலிக்கதையாகக் கேட்பது வாசிப்பில் சேருமா?

"காதால் கேட்பதெல்லாம் வாசிப்பா?" என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். என்னிடமும் சொன்னார்கள், அதுவும் என் சொந்தத்திலேயே. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். பகல் முழுக்க மெஷின். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஊக்கு வைப்பது, ஹெம்மிங் போடுவது. கண்ணும் கையும் துணியில் இருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதால்தான் நான்கு வருடமாகக் கதை கேட்கிறேன்.

அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1843-இல் வெளியிட்ட 'தி டெல்-டேல் ஹார்ட்' என்ற கதை. ஒரு கிழவரின் கண்ணைப் பார்க்கப் பிடிக்காமல் அவரைக் கொன்றவன், தானே சொல்கிற கதை. ஏழு ராத்திரி அவர் அறைக் கதவை மெல்லத் திறந்து எட்டிப் பார்க்கிறான். எட்டாவது ராத்திரி கிழவர் விழித்துக்கொண்டு "யாரது?" என்கிறார். இவன் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கிறான். அவரும் திரும்பப் படுக்காமல் இருட்டில் உட்கார்ந்தே இருக்கிறார். நான் கேட்ட ஒலிப்பதிவில் இசை எதுவும் இல்லாமல் ஒரே குரலில் வாசித்துக்கொண்டு வந்தவர், அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார். என் ஊசி துணியில் குத்தியபடி நின்றுவிட்டது. அந்நேரம் பார்த்து உள்ளறையில் மாமனார் புரண்டு படுத்தார். எழுந்து போய் அவர் மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்துதான் மிச்சத்தைக் கேட்டேன்.

புத்தகமாக இருந்திருந்தால் என் கண் இரண்டு வரி தாண்டி ஓடியிருக்கும். கேட்கும்போது அடுத்த வார்த்தை வரும்வரை இருந்தே ஆக வேண்டும்.

படிப்பதை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அதே கதையை மகள் கல்லூரி நூலகத்திலிருந்து தமிழில் கொண்டு வந்தாள். கிழவரின் இதயத் துடிப்பைப் பஞ்சில் சுற்றிய கடிகாரத்தின் சத்தம் என்கிறார் போ. கேட்டபோது அது காதோடு போய்விட்டது. படித்தபோது அந்த வரியை விட்டு நகரவே முடியவில்லை. கணவரின் பழைய கைக்கடிகாரத்தைப் பஞ்சில் சுற்றிக் காதில் வைத்துப் பார்த்தேன். கிட்டத்தில் கேட்கிறதா, தூரத்தில் கேட்கிறதா என்று சொல்ல முடியாத சத்தம்.

போன மாதம் அதே கதைக்கு வேறொரு ஒலிப்பதிவு கேட்டேன். உடலைத் தரைப்பலகைக்கு அடியில் மறைத்தாகிவிட்டது, மூன்று போலீஸ்காரர்கள் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் இதயம் துடிக்கிற சத்தத்தைப் பெரிதாகச் சேர்த்திருந்தார்கள். எனக்குக் கோபமே வந்தது. போலீஸ்காரர்கள் எதுவுமே கேட்காத மாதிரி சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, இவனுக்கு மட்டும்தான் அது கேட்கிறது. சத்தம் தரைக்கு அடியிலிருந்து வருகிறதா, இவன் தலைக்குள்ளிருந்தா என்று நமக்குத் தெரியாததில்தான் பயமே இருக்கிறது. நம் காதிலும் அதைப் போட்டுக் காட்டிவிட்டால் என்ன மிச்சம்?

கேட்பது சோம்பேறித்தனம் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆங்கில எழுத்தாளர் எம். ஆர். ஜேம்ஸ் தன் பேய்க் கதைகளில் பலவற்றைக் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டத்தான் எழுதினார். முதல் தொகுப்பு 1904-இல்தான் வந்தது. அங்கே உட்கார்ந்து கேட்டவர்கள் சோம்பேறிகளா?

"தையல்காரிக்கு எதுக்குக் கதை?" என்று என்னிடம் கேட்டவர், தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் ஐந்து ரவிக்கைத் துணியைக் கொண்டு வந்து போட்டு, லைனிங் வைத்து மறுநாளே வேண்டும் என்றவர். தூங்காமல் தைத்துக் கொடுத்தேன். கூலி இன்னும் வரவில்லை. நூலும் ஊக்கும் லைனிங் துணியும் நான் காசு கொடுத்துத்தானே வாங்குகிறேன்? சொந்தம் என்றால் உழைப்புக்கு விலை கிடையாதா?

சரி, கேள்விக்கு வருகிறேன். கதையைப் பொறுத்தது என்பதுதான் என் அனுபவம். போவின் இந்தக் கதையை முதலில் கேளுங்கள், ஆனால் வெறும் குரலில். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யை (1943) முதலில் படியுங்கள். அதில் பயம் சத்தமாக வருவதில்லை. ராத்திரியில் வீட்டுக்குள் பிணம் எரிகிற வாடையாக வருகிறது. அதை எந்தக் குரலாலும் கொண்டுவர முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. படித்துக்கொண்டிருக்கும்போதே என்னை அறியாமல் மூச்சை இழுத்துப் பார்த்தேன். அன்றைக்கு அடுப்படி விளக்கை அணைக்காமலே படுத்தேன்.