வாசகர் கேள்வி–பதில்: பத்திரம், பட்டா, பழைய கோப்பு... நகல் வாங்குவது எப்படி?

சேலம் மாவட்ட வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சில.

கேள்வி: எங்கள் தாத்தா 1960-களில் இரண்டு ஏக்கர் புஞ்சை வாங்கினார். கிரயப் பத்திரம் தொலைந்துவிட்டது. கந்தாய (நிலவரி) ரசீது ஒன்று மட்டும் இருக்கிறது, அதில் பசலி 1373 என்று போட்டிருக்கிறது. கம்ப்யூட்டர் பட்டாவில் பக்கத்துக் காட்டுக்காரர் பெயர் வருகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?
– வாசகர், வாழப்பாடி

பதில்: அந்த ரசீதிலிருந்தே ஆரம்பியுங்கள். பசலி என்பது வருவாய்த்துறையின் ஆண்டுக் கணக்கு. அந்த எண்ணோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1373 என்பது 1963 ஜூலை முதல் 1964 ஜூன் வரை. ரசீது தாத்தா பெயரில் இருந்தால், கிரயம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். தேட வேண்டிய ஆண்டுகள் இப்படிச் சுருங்கிவிடும். ரசீதில் உள்ள பட்டா எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பழைய சர்வே எண். தமிழக அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் பட்டாவை எடுத்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அதே தளத்தில், புல எண் வாரியாக நில விவரம் காட்டும் அ-பதிவேட்டையும் எடுங்கள். இன்றைய புல எண்ணுக்குப் பக்கத்திலேயே பழைய புல எண் என்று ஒரு கலம் அதில் உண்டு. தாத்தா காலத்துப் பத்திரத்தில் அந்தப் பழைய எண்தான் இருக்கும். புது எண்ணை வைத்துத் தேடிவிட்டுப் பத்திரமே இல்லை என்று திரும்பி வருகிறவர்கள் நிறைய.

பதிவுத்துறைத் தளத்தில் 1975-க்குப் பிந்தைய வில்லங்கத்தைப் பெரும்பாலும் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். உங்கள் பத்திரம் அதற்கு முந்தையது. ஆனாலும் 1975-க்குப் பிறகு உள்ளதை முதலில் பாருங்கள். உங்கள் நிலத்தை மட்டும் பார்த்தால் போதாது, நாலு பக்கத்து நிலங்களையும் பாருங்கள். பக்கத்து நிலத்தின் கிரயத்தில் 'கிழக்கே இன்னார் புஞ்சை' என்று தாத்தா பெயர் எல்லையாக வந்திருக்கலாம். உட்பிரிவு எண்ணில் கவனம் வேண்டும். 45/2 என்று மட்டும் போட்டால் 45/2ஏ, 45/2பி பெயரில் நடந்த பத்திரங்கள் விடுபட்டுப்போகலாம். தாய் எண், உட்பிரிவு, பழைய எண் மூன்றையும் தனித்தனியே போட்டுத் தேடுங்கள். 'வில்லங்கம் இல்லை' என்று வந்தால், நீங்கள் கொடுத்த எண்ணுக்கும் ஆண்டுகளுக்கும் இல்லை என்பது மட்டுமே அதற்குப் பொருள்.

இனி 1975-க்கு முந்தைய தாத்தாவின் பத்திரம். அந்தக் காலத்தில் உங்கள் கிராமம் எந்தச் சார்பதிவாளர் எல்லையில் இருந்ததோ, அங்கே கையால் தேடும்படி மனுக் கொடுக்க வேண்டும். எல்லைகள் பலமுறை மாறியிருக்கின்றன, அதனால் முதலில் இதை விசாரித்துக்கொள்ளுங்கள். நிலம், வீடு போன்ற சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் 1 ஆம் புத்தகத்துக்கு இரண்டு அட்டவணைகள் உண்டு. முதலாவது பெயர் வாரியானது, இரண்டாவது சொத்து வாரியானது. ஆகவே மனுவில் கிராமம், பழைய சர்வே எண் இவற்றோடு வாங்கியவர், விற்றவர் பெயர்களையும், அவரவர் தகப்பனார் பெயரோடு எழுதுங்கள். ஆண்டை '1958 முதல் 1964 வரை' என்று வரம்பாகக் கொடுங்கள். பத்திர எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சான்றிட்ட நகலுக்கு எண், ஆண்டு, அலுவலகம் மூன்றும் போதும். 1 ஆம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகலும் கேட்கலாம். மூலப் பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்பதற்கு அந்த நகலே சாட்சியம். பதிவுச் சட்டத்தின் 57 ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. உயில் பதிவாகும் 3 ஆம் புத்தகமும், பழைய பவர் பத்திரங்கள் இருக்கும் 4 ஆம் புத்தகமும் அப்படிப்பட்டவை அல்ல. அங்கே சம்பந்தப்பட்டவர்களுக்குத்தான் நகல். உயிலை எழுதியவர் இறந்த பிறகு மற்றவர்களும் கேட்கலாம்.

பட்டாவில் பெயர் மாறியது எப்போது? 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். பதிவேடு சீரமைப்பில் இப்படிப்பட்ட பிழைகள் ஏராளம். யூ.டி.ஆர். அ-பதிவேடு, அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேடு இரண்டிலும் உங்கள் புல எண் உள்ள பக்கத்துக்குச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் இல்லையென்றால் ஆட்சியர் அலுவலக ரெக்கார்டு ரூமில் கேட்க வேண்டும். முந்தையதில் தாத்தா பெயர், பிந்தையதில் மற்றவர் பெயர், இடையில் எந்தக் கிரயமும் இல்லை என்று மூன்று காகிதங்களும் கையில் இருந்தால் உங்கள் திருத்த மனு வலுவாக நிற்கும்.

கேள்வி: காபித் தோட்டத்தில் என் பங்கைப் பிரித்துத் தனிப் பட்டா கேட்டேன், நிராகரித்துவிட்டார்கள். "ஏன் நிராகரித்தீர்கள், யார் பொறுப்பு?" என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு, "இது தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று ஒரே வரியில் பதில் வந்தது.
– வாசகி, நாகலூர், ஏற்காடு

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. பாதிக்கப்பட்டவருக்கு முடிவின் காரணத்தைச் சொல்வது அலுவலகத்தின் கடமை என்று அதே சட்டத்தின் 4(1)(d) பிரிவு சொல்கிறது. ஆனால் 'ஏன்' என்று கேட்டால் தட்டிக்கழிக்க இடம் கிடைத்துவிடுகிறது. காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்த இடம் இருக்காது. மறுபடியும் இப்படி எழுதுங்கள்:

'உட்பிரிவுப் பட்டா மாறுதல் கோரி நான் அளித்த, ______ எண்ணும் ______ நாளும் கொண்ட மனு தொடர்பாக: 1. கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை, 2. நில அளவரின் அறிக்கையும் வரைபடமும், 3. வட்டாட்சியரின் ஆணை, 4. கோப்பின் குறிப்புப் பக்கங்கள் முழுவதும் – இவற்றின் சான்றிட்ட நகல்கள் வேண்டும். கோப்பை நேரில் பார்வையிடவும் அனுமதி வேண்டும்.'

நான்காவதை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொருவரும் என்ன எழுதி மேலே அனுப்பினார்கள் என்பது குறிப்புப் பக்கங்களில்தான் இருக்கும். உங்கள் 'ஏன்'-க்கு அங்கேதான் விடை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று மனுவில் எழுத வேண்டியதில்லை, யாரும் கேட்கவும் கூடாது.

முகவரி: 'பொதுத் தகவல் அலுவலர், வட்டாட்சியர் அலுவலகம், ஏற்காடு'. 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள். முத்திரைத்தாள் விற்பவர்களிடம் கிடைக்கும். சிலர் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிவிடுகிறார்கள். அது செல்லாது, மனு திரும்பிவிடும். ஒப்புகை கேட்டு விரைவுத் தபாலில் அனுப்பினால் அலைய வேண்டாம். மனு போய்ச் சேர்ந்த தேதியிலிருந்து 30 நாள் கணக்கு. பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தால், அந்தக் கடிதம் புறப்பட்ட நாள் முதல் நீங்கள் கட்டும் நாள் வரை 30-இல் சேராது, உடனே கட்டிவிடுங்கள். கெடு தாண்டிவிட்டால் நகலை இலவசமாகவே தர வேண்டும். வேறு அலுவலகத்தில் உள்ள தகவல் என்றால், 5 நாளுக்குள் அவர்களே அங்கே அனுப்ப வேண்டும். கோப்பைப் பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை.

பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மறுக்கும் கடிதத்தில் மேல்முறையீட்டு அலுவலர் யார் என்பதையும் எழுதியே ஆக வேண்டும். அவருக்கு 30 நாள், அதிகபட்சம் 45 நாள். பிறகும் ஆகவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

கேள்வி: 2009-இல் நடந்த வண்டிப்பாதை விசாரணைக் கோப்பைக் கேட்டால் "கோப்பு கிடைக்கவில்லை" என்கிறார்கள். அத்துடன் விட்டுவிட வேண்டியதுதானா?
– வாசகர், ஓமலூர்

பதில்: விடாதீர்கள். தகவல் தர மறுக்கச் சட்டம் அனுமதிக்கும் காரணங்களில் 'கிடைக்கவில்லை' என்பது இல்லை. அன்று உங்களுக்கு வந்த கடிதத்தின் தலைப்பைப் பாருங்கள். ந.க. எண் எனப்படும் கோப்பு எண்ணில் வரிசை எண், ஆண்டு, கோப்பைக் கவனித்த எழுத்தரைக் காட்டும் அ3 போன்ற இருக்கைக் குறி மூன்றும் இருக்கும். அந்த இருக்கைக்கு வரும் தாள்களைக் குறித்துவைக்கும் தன்பதிவேட்டில் கோப்பு எங்கே போனது என்று எழுதியிருக்க வேண்டும். முடிந்த கோப்புக்கு ஒரு முடிவுக் குறியும் உண்டு. ஆர்.டிஸ். என்றால் நிரந்தரமாக வைக்க வேண்டியது. டி.டிஸ். பத்து ஆண்டு, கே.டிஸ். மூன்று ஆண்டு, எல்.டிஸ். ஒரே ஆண்டு.

ஆகவே புதிய மனுவில் தன்பதிவேட்டில் அந்த எண் உள்ள பக்கத்தையும், அழித்திருந்தால் அழிப்புக்கு உத்தரவிட்ட ஆணையையும் நகலாகக் கேளுங்கள். ஆர்.டிஸ். கோப்பு காணவில்லை என்றால் அது அவர்கள் பொறுப்பு. மேல்முறையீட்டில் இந்தக் குறியைச் சுட்டிக்காட்டுங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்த மனுவைத் தகவல் மனு என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம். அதற்கு இந்த 30 நாள் கெடு கிடையாது.

கேள்வி: அம்மா 1951-இல் அம்மாபேட்டையில் பிறந்தவர். பிறப்புச் சான்று கிடைக்குமா?
– வாசகி, அம்மாபேட்டை

பதில்: அன்றைய நகராட்சியின் பதிவேடுகள் மாநகராட்சியிடம் இருக்கும். அம்மாவின் பெயரைச் சொல்லித் தேடச் சொன்னால் கிடைப்பது கடினம். பெயர் வைக்கும் முன்பே பதிவானதால் அந்தக் கலம் காலியாக இருக்கலாம். தாத்தா, பாட்டி பெயர், தெரு, 'பெண்', தோராயத் தேதி இவற்றைக் கொடுத்து முன்னும் பின்னும் ஓர் ஆண்டு தேடச் சொல்லுங்கள். இல்லையென்றால் 'பதிவு இல்லை' என்று சான்று வாங்குங்கள். அது இருந்தால்தான் கோட்டாட்சியரிடம் தாமதப் பதிவுக்கு மனுச் செய்ய முடியும்.

கேள்வி: மகன் அமெரிக்காவில் பதிவுத் திருமணம் செய்தார். அந்தச் சான்றை இங்கே ஏற்கும்படி எப்படி வாங்குவது?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: அங்கே பல மாநிலங்களில் திருமணப் பதிவு கவுண்டி எனப்படும் உள்ளாட்சி அமைப்பிடம்தான் இருக்கும். திருமண உரிமம் கொடுத்த கவுண்டியின் கிளார்க் அலுவலகத்தில் சர்டிஃபைட் காப்பி கேட்கச் சொல்லுங்கள். அன்று கையில் கொடுத்த அலங்காரச் சான்றிதழ் போதாது. பிறகு அந்த மாநிலத்தின் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்தில், ஆவணத்தை வேறு நாட்டில் ஏற்கச் செய்யும் அப்போஸ்டில் முத்திரை வாங்க வேண்டும். இந்தியா, அமெரிக்கா இரண்டும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருப்பதால் தூதரகச் சான்று தேவையில்லை. முத்திரைக் காகிதத்தைச் சான்றோடு பின் அடித்துத் தருவார்கள். நகல் எடுப்பதற்காகக் கூட அந்தப் பின்னைப் பிரிக்க வேண்டாம், பிரித்தால் செல்லாது என்று சொல்லிவிடுவார்கள்.