மெத்தனத்தில் நழுவிய முனைப்பு திரும்பி வருமா?

வாசகர் கேள்வி – பதில்: கால்பந்து

கேள்வி: எங்கள் கல்லூரி அணி லீக் சுற்றில் சுமாரான அணிகளை 5-0, 6-1, 7-0 என்று வென்றுவிட்டது. அதன் பிறகு பையன்கள் பயிற்சியில்கூட நடக்கிறார்கள். பந்தைப் பறிகொடுத்தால் இடுப்பில் கைவைத்து நிற்கிறார்கள். அடுத்து வருவதெல்லாம் பலமான அணிகள். ஒரே ஒரு வாரம் கையில் இருந்தால் பழைய முனைப்பை மீட்க முடியுமா? – அணிப் பயிற்சியாளர், திருச்சி

பதில்: முடியும். ஒரு வாரம்கூட வேண்டியதில்லை என்பதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. 2023 அக்டோபர் 28 அன்று ஜெர்மனியின் முன்னணி கிளப்பான பயர்ன் மியூனிக், டார்ம்ஸ்டாட் அணியை 8-0 என்று வெளுத்து வாங்கியது. எட்டு கோலும் இடைவேளைக்குப் பிறகு வந்தவை. நான்கு நாள் கழித்து, நவம்பர் 1 அன்று, ஜெர்மன் கோப்பையில் மூன்றாம் டிவிஷன் அணியான சார்ப்ரூக்கனிடம் 1-2 என்று தோற்று வெளியேறியது. வெற்றி கோல் விழுந்தது 90 நிமிடத்துக்குப் பின் சேர்த்த கூடுதல் நிமிடங்களில். அடுத்த மூன்றாம் நாள், நவம்பர் 4 அன்று, டார்ட்மண்டின் சொந்த மைதானத்தில் 4-0 வெற்றி. ஹாரி கேனுக்கு ஹாட்ரிக். பயிற்சியாளர் அதே தாமஸ் டூகல். அணியும் ஏறக்குறைய அதே அணிதான். எட்டு நாளில் யாருடைய உடல் தகுதியும் இப்படி ஏறி இறங்காது. நழுவியதும் திரும்பியதும் கவனமும், பந்து காலில் இல்லாதபோது செய்ய வேண்டிய சின்னச் சின்ன வேலைகளும்தான்.

ஆனால் இந்தக் கதையின் மிச்சத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த சீசனை பயர்ன் மூன்றாம் இடத்தில் முடித்தது, ஒரு கோப்பைகூட இல்லாமல். ஒரு பெரிய ஆட்டத்துக்கு எழுந்து நிற்பது வேறு, சீசன் முழுக்க அதே தரத்தில் நிற்பது வேறு. நீங்கள் கேட்பது முதலாவது. அதற்குத்தான் ஒரு வாரம் போதும் என்கிறோம். சார்ப்ரூக்கன் அதே கோப்பையில் ஃபிராங்க்ஃபர்ட்டையும் மோன்சென்கிளாட்பாக்கையும் வீழ்த்தி அரையிறுதிவரை போனது என்பதையும் மறந்துவிட வேண்டாம். ‘சுமாரான அணி’ என்பது பல நேரம் நாம் ஒட்டும் பெயர்தான்.

முதல் வேலை, நழுவியது எது என்று கண்டுபிடிப்பது. செல்போனில் எடுத்த வீடியோ போதும். மூன்று ஆட்டங்களிலும் எதிரணிப் பாதியில் உங்கள் ஆட்கள் பந்தை இழந்த ஒவ்வொரு இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இழந்த நொடியிலிருந்து, பந்து வைத்திருப்பவனுக்கு இரண்டு மீட்டர் நெருக்கத்தில் உங்கள் ஆள் ஒருவன் போய்ச் சேர எத்தனை விநாடி ஆகிறது? 15 நிமிடத் துண்டுகளாகப் பிரித்து எழுதுங்கள். ஆரம்பத்தில் இரண்டு மூன்று விநாடியாக இருந்து, 2-0 ஆனதும் ஆறு ஏழாக நீண்டால், அது கவனப் பிசகு, சீக்கிரம் சரியாகும். முதல் நிமிடத்திலிருந்தே நீளமாக இருந்தால் அது பழக்கமாகிவிட்டது. ஒரு வாரத்தில் பாதிதான் மீளும். ஸ்கோர் எதுவானாலும் கடைசி 20 நிமிடத்தில் மட்டும் சரிகிறது என்றால், அது மெத்தனமே இல்லை, மூச்சு போதவில்லை. அதற்குக் குறைந்தது ஆறேழு வாரப் பயிற்சி வேண்டும். களைத்தவனைச் சோம்பேறி என்று திட்டுவது பயிற்சியாளர்கள் அதிகம் செய்யும் தவறு. மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் தொடங்கவே தொடங்காதீர்கள்.

கவனப் பிசகுதான் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டம் ஞாயிறு, முந்தைய ஆட்டமும் ஞாயிறு. திங்களன்று முழு ஆட்டம் ஆடியவர்களுக்கு 20 நிமிட மெல்லோட்டமும் நீட்டல் பயிற்சியும் மட்டும். ஆடாதவர்கள் அன்றே முழுப் பயிற்சி செய்ய வேண்டும். செவ்வாய் ஓய்வு.

புதன்தான் முக்கியமான நாள். 30-க்கு 20 மீட்டர் கட்டத்தில் நாலுக்கு நாலு, சிறிய கோல்கள். 4 நிமிடம் ஆட்டம், 3 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று. கட்டத்தைச் சுற்றி எட்டு பத்துப் பந்துகள் இருக்கட்டும். ஒன்று வெளியே போன கணமே அடுத்தது உள்ளே வர வேண்டும். பந்து பொறுக்கப் போகும் நேரத்தில்தான் பயிற்சியின் சூடு ஆறிப்போகிறது. இரண்டு விதிகளைச் சேருங்கள். பந்தை இழந்து ஐந்து விநாடிக்குள் திரும்பப் பறித்தால் ஒரு கோலுக்குச் சமம். கோல் விழும்போது அடித்த அணியில் ஒருவனாவது நடுக்கோட்டைத் தாண்டாமல் நின்றிருந்தால் அந்தக் கோல் செல்லாது. ‘ஓடுடா’ என்று கத்த வேண்டிய வேலையை இந்த விதிகளே செய்துவிடும்.

வியாழனன்று பெரிய மைதானம். சின்னக் கட்டத்தில் நின்று திரும்பும் வேகம்தான் பழகும். நீண்ட ஓட்டத்துக்கு இடம் இருக்காது. பல வாரமாக முழு வேகத்தில் ஓடாத தொடைக்கு, பெரிய ஆட்டத்தில் திடீரென்று வேகம் கொடுத்தால் பின்தொடைத் தசை பிடித்துக்கொள்ளும். அதனால் 30 மீட்டர் முழுவேக ஓட்டம் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு நிமிட ஓய்வு. பிறகு பதினொன்றுக்குப் பதினொன்று, 12 நிமிடமாக இரண்டு சுற்று. முதல் சுற்றை ‘நாம் 2-0 முன்னிலை, இன்னும் 12 நிமிடம்’ என்று சொல்லித் தொடங்குங்கள். இரண்டாவதை ‘0-1 பின்தங்கி இருக்கிறோம்’ என்று. உங்கள் பையன்கள் முதல் சுற்றில்தான் சறுக்குவார்கள், அங்கே நிறுத்திக் காட்டுங்கள். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையே 30, 35 மீட்டருக்கு மேல் போனால் விசில் அடித்து எல்லோரையும் அப்படியே நிற்க வைத்து இடைவெளியைக் காலடி வைத்து அளந்து காட்டினால், அது மண்டையில் ஏறும்.

வெள்ளியன்று பாதி அளவு. சனியன்று 40 நிமிடம், கார்னர், ஃப்ரீ கிக் ஒத்திகையோடு சரி. இங்கேதான் பெரும்பாலானவர்கள் காரியத்தைக் கெடுப்பார்கள். ‘மெத்தனமாகிவிட்டீர்கள்’ என்று தண்டனையாக வெள்ளிக்கிழமை பத்து ரவுண்டு ஓடவிடுவார்கள். கடும் உழைப்பில் கரைந்த தசைச் சர்க்கரை முழுதாக நிரம்ப 48 மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். பையன்கள் மனம் நிறைய ரோஷத்தோடும் கால் நிறையக் களைப்போடும் களமிறங்குவார்கள்.

கேள்வி: நட்சத்திர ஆட்டக்காரனை வெளியே உட்கார வைத்தால் மற்றவர்களுக்கு உறைக்குமா? – மதுரை வாசகர்

பதில்: காரணம் கண்ணுக்குத் தெரிந்தால் உறைக்கும். தெரியாவிட்டால் பயிற்சியாளருக்கு வேண்டியவன், வேண்டாதவன் என்ற பேச்சுதான் மிஞ்சும். அவன் பந்தை இழந்துவிட்டு நின்ற ஐந்தாறு காட்சிகளை, ஒவ்வொன்றும் 20 விநாடிக்கு மிகாமல், முதலில் அவனுக்குத் தனியாகக் காட்டுங்கள். அதே ஆட்டங்களில் ஓடித் திரும்பி வந்த இன்னொருவனின் காட்சிகளை அணி முழுவதற்கும் காட்டுங்கள். குறை தனியாக, நிறை சபையில். கூட்டம் பத்து நிமிடத்தைத் தாண்டினால் யாரும் கேட்கமாட்டார்கள்.

கேள்வி: முன்னிலையில் இருக்கும் அணி ஆட்டத்தின் நடுவே தளர்ந்துவிட்டால், அதே ஆட்டத்தில் மீண்டும் வேகம் பிடிப்பது ஏன் அவ்வளவு கடினம்? – கோவை வாசகர்

பதில்: 2012 அக்டோபர் 16, பெர்லின். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஸ்வீடனுக்கு எதிராக ஜெர்மனி 56-வது நிமிடத்தில் 4-0. முடிந்தபோது 4-4. ஸ்வீடனின் கோல்கள் 62, 64, 76-வது நிமிடங்களிலும், கடைசி ஒன்று 90-க்கு மேல் மூன்றாம் நிமிடத்திலும் விழுந்தன. இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இரண்டாவது கோலுக்கும் மூன்றாவதுக்கும் இடையே 12 நிமிடம், மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையே கால் மணி நேரத்துக்கு மேல். நிறுத்த நேரம் இருந்தது.

தளர்ந்த அணி விழித்துக்கொள்ளும்போது பதினொரு பேரும் ஒரே நொடியில் விழிப்பதில்லை. இருவர் முன்னே பாய்ந்து பந்தைத் துரத்துவார்கள், பின்வரிசை பயந்து பின்னே போகும். நடுவே 20 மீட்டர் வெற்றிடம் பிறக்கும். எதிரணி அதற்குள்தான் நுழைகிறது. ஆகவே கோல் வாங்கிய பின் வேகத்தைக் கூட்டுவது மருந்தாகாது. முதலில் வேகத்தைக் குறைத்து வரிசையைச் சேர்க்க வேண்டும். நடுவட்டத்திலிருந்து பந்தைத் தொடங்கியதும் பின்னோக்கிக் கொடுங்கள். எட்டுப் பத்துப் பாஸ்வரை முன்னே தள்ள வேண்டாம். அதற்குள் எல்லோரும் அவரவர் இடத்துக்கு வந்துவிடுவார்கள். பின்வரிசையின் இரு ஓரங்களிலும் ஆடும் ஃபுல் பேக்குகள் இருவரும் அடுத்த ஐந்து நிமிடம் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. மாற்று ஆட்டக்காரரை இறக்குவதாக இருந்தால் அப்போதே இறக்குங்கள். புதுக் கால் என்பதைவிட, ஆட்டம் நிற்கும் அந்த அரை நிமிடம்தான் முக்கியம். கேப்டன் அந்த நேரத்தில் எல்லோரையும் கூப்பிட்டு ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

ஓராண்டு கழித்து, 2013 அக்டோபரில் ஸ்வீடன் மண்ணில் இதே ஜெர்மனி 0-2 என்று பின்தங்கி, 5-3 என்று வென்றது. அதற்கடுத்த ஆண்டு உலகக் கோப்பையையும் வென்றது. 4-4 ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ‘இவர்களுக்கு நெஞ்சுரம் இல்லை’ என்று எழுதியவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள்.

கேள்வி: 2022 உலகக் கோப்பையில் சவுதி அரேபியாவிடம் அர்ஜென்டினா தோற்றது மெத்தனத்தால்தானே? – யாழ்ப்பாண வாசகர்

பதில்: அப்படிச் சொல்வது எளிது, ஆனால் நாங்கள் ஒப்பமாட்டோம். 36 ஆட்டங்களாகத் தோல்வி காணாத அணி, 10-வது நிமிடத்தில் மெஸ்ஸியின் பெனால்டியில் முன்னிலை பெற்றது. முதல் பாதியில் மேலும் மூன்று முறை பந்தை வலைக்குள் போட்டது, மூன்றும் ஆஃப்சைடு, அதாவது பந்து வரும் முன்பே எதிரணிப் பின்வரிசையைத் தாண்டி நின்றதால் செல்லாதவை. சவுதியின் பின்வரிசை துணிந்து மேலேறி நின்றது. அர்ஜென்டினா அதற்குப் பின்னே ஓடும் ஒரே வழியைத் திரும்பத் திரும்ப முயன்றது. இடைவேளைக்குப் பிறகு 48, 53-வது நிமிடங்களில் இரண்டு கோல் வாங்கியபோது மெத்தனம் கொஞ்சம் இருந்திருக்கலாம். தோல்வியின் வேர், மாற்று வழி யோசிக்காததில் இருக்கிறது.

அர்ஜென்டினா பயிற்சியாளர் ஸ்கலோனி அடுத்து செய்ததுதான் பாடம். மெக்சிகோவுக்கு எதிராக ஐந்து பேரை மாற்றினார். அப்படியும் முதல் பாதி இறுக்கமாகத்தான் போனது. 64-வது நிமிடத்தில் மெஸ்ஸி அடித்த பிறகே அணி மூச்சு விட்டது. போலந்துக்கு எதிராக மேலும் நான்கு மாற்றங்கள்: என்சோ ஃபெர்னாண்டஸும் ஹூலியன் அல்வாரஸும் தொடக்க அணிக்கு வந்தார்கள். கோப்பை வரை அவர்கள் வெளியே போகவில்லை. ஓடும் பசி உள்ளவர்களை உள்ளே கொண்டுவருவது எந்த உரையையும்விடச் சீக்கிரம் வேலை செய்யும்.

2002 உலகக் கோப்பையில் நடப்புச் சாம்பியன் பிரான்ஸ் செனகலிடம் தோற்று, ஒரு கோலும் அடிக்காமல் வெளியேறியதையும் மெத்தனக் கணக்கில் எழுதுவார்கள். ஜிடான் தொடைக் காயத்தால் முதல் இரண்டு ஆட்டங்களும் ஆடவில்லை, ஹென்றி இரண்டாவது ஆட்டத்தில் சிவப்பு அட்டை வாங்கினார். அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: எதிரணி பலவீனம் என்று தெரிந்தே ஆடும்போது மெத்தனம் வராமல் தடுக்க வழி உண்டா? – சென்னை வாசகர்

பதில்: மெத்தனம் முதலில் பாஸின் வேகத்தில் தெரியும். எதிரணி பத்துப் பேரைப் பின்னே நிறுத்தியிருக்கும்போது பந்து உருண்டு உருண்டு போகும். ஒவ்வொருவனும் மூன்று நான்கு முறை தொடுவான். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பந்து போக எட்டு விநாடி ஆனால் எதிரணி நடந்தே வந்து அடைத்துவிடும். நடுவில் இருப்பவர்களுக்கு இரண்டே தொடுகை என்று கட்டுப்பாடு வையுங்கள்.

அடுத்து தெரிவது பின்னே நிற்கும் ஆட்களின் எண்ணிக்கை. இரண்டு ஃபுல் பேக்குகளும் கோல் ஆசையில் ஏறிவிட்டு, பின்வரிசையின் நடுவில் ஆடும் சென்டர் பேக்குகள் இருவர் மட்டும் நிற்பார்கள். பலவீனமான அணி அதைத் தண்டிக்காது, அதனால் பழகிப்போகும். பலமான அணி முதல் வாய்ப்பிலேயே தண்டிக்கும். ஸ்கோர் 6-0 ஆனாலும் தாக்கும்போது பின்னே மூவர், அவர்களுக்கு முன்னே இருவர் என்ற கணக்கு மாறக் கூடாது.

கோல் எண்ணிக்கையை இலக்காக வைக்காதீர்கள். ஆட்டத்தை 15 நிமிடம் வீதம் ஆறு துண்டாக்கி, ஒவ்வொன்றிலும் எதிரணி கோலை நோக்கி ஒரு ஷாட்கூட அடிக்கக் கூடாது என்று வையுங்கள். 7-0 முன்னிலையிலும் அந்த இலக்கு உயிரோடு இருக்கும். 60-வது நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரர்களை இறக்கிவிடுங்கள். பலர் கவனிக்காத ஒன்று: பெஞ்சில் இருந்தவர்களுக்கு ஆட்டம் முடிந்ததும் அதே மைதானத்தில் நாலுக்கு நாலு 12 நிமிடமும், 60 மீட்டர் வேக ஓட்டம் ஆறும் வையுங்கள். இல்லையென்றால் எளிதான மூன்று வாரத்தில் அவர்களின் உடல்தான் முதலில் இறங்கும், பெரிய ஆட்டத்தில் அவர்களை நம்பி இறக்க முடியாது.

கேள்வி: எங்கள் ஊரில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டம்தான் அதிகம். இதெல்லாம் அதற்கும் பொருந்துமா? – தூத்தூர் வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: பொருந்தும், கணக்கு மட்டும் சுருங்கும். செவன்ஸில் நடுக்களம் என்று பெரிதாக ஒன்று இல்லை. பந்தை இழந்தால் இரண்டே பாஸில் ஷாட் வந்துவிடும். ஆகவே புதன்கிழமைப் பயிற்சியில் பந்தைத் திரும்பப் பறிக்கச் சொன்ன ஐந்து விநாடி என்பதை மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், பறிக்க முடியாவிட்டாலும் முன்னோக்கிப் பார்க்க விடாமல் மறிக்க வேண்டும். பின்னே எப்போதும் இருவர். ஆள் மாற்றும் விதி போட்டிக்குப் போட்டி வேறுபடும்; அனுமதி இருந்தால் முன்வரிசைக்காரனை ஏழெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றி இறக்குங்கள். மணல் கலந்த மைதானத்தில் அதற்கு மேல் யாரும் அதே வேகத்தில் துரத்த முடியாது.