டன்விச்: ஒரே இரவில் அழிந்த ஊரா?

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் இங்கிலாந்து போகிறேன். சஃபோக் கடற்கரையில் டன்விச் என்ற சிற்றூர் ஒரு காலத்தில் பெரிய துறைமுக நகரமாம். ஒரே இரவில் கடலில் மூழ்கியதாம். புயல் நாளில் தண்ணீருக்கடியில் தேவாலய மணி கேட்குமாம். அங்கே பார்க்க என்ன இருக்கிறது? ஒரு நாள் போதுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சில வாரங்களாக என் மனதில் டன்விச்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் ‘ஒரே இரவில்’ என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் கோபம் வந்தது. யாரோ சொன்னதை அப்படியே நம்பிவிடுவதா?

1286-இலும் 1328-இலும் வந்த புயல்கள் கொடியவை, மறுக்கவில்லை. ஆனால் வீடுகளைக் கொண்டுபோனதைவிடப் பெரிய கேடு, துறைமுகத்தின் வாயைக் கூழாங்கல் அடைத்தது. ஆறு வடக்கே வேறு வாய் தேடிக்கொண்டது. கப்பல்களும் அந்தப் பக்கமே போயின. வருமானம் போனது, ஜனம் போனது. கடல் கரையை அரித்தது நூற்றாண்டுக் கணக்கில். ஊர் இப்படித் தேய்ந்த பிறகும் 1832 வரை நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பியது!

ஆல் செயின்ட்ஸ் தேவாலயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1750-களில் அதைக் கைவிட்டது கடலுக்குப் பயந்து அல்ல, பராமரிக்கப் பணமில்லாமல். கடல் அரித்த மணற்சரிவின் விளிம்பு அதைத் தொட்டதோ 1904-இல். நூற்றைம்பது வருட இடைவெளி! அப்புறமும் அது துண்டு துண்டாகத்தான் விழுந்தது. பூசை நின்ற பிறகும் 1820-கள் வரை அதன் கல்லறைத் தோட்டத்தில்தான் சொந்தபந்தங்களைப் புதைத்தார்கள். பின்னாளில் அந்த எலும்புகள் மணற்சரிவில் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. நான் போனபோது விளிம்புக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கல்லறைக் கல் மிஞ்சியிருந்தது. அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். வறுமையில் கோயிலை மூடியவர்கள், செத்தவர்களை மட்டும் வேறிடம் கொண்டுபோக மனமில்லாமல் இருந்திருக்கிறார்கள். இதையெல்லாம் ‘ஒரே இரவு’ என்று சொல்லி முடித்தால் அந்த மனிதர்கள் எங்கே போவார்கள்?

மணியோசையை விடுங்கள். அங்கே முக்குளித்தவர்கள் கலங்கிய நீரில் கையால் தடவித்தான் சுவர்களைக் கண்டார்கள். ஒலியலைக் கருவியால் வரைந்த படங்களில் தெரிவதும் இடிபாடுகள்தான்.

சரி, ஒரு நாள் தாராளம். கிரேஃபிரையர்ஸ் மடத்தின் சுவர், தொழுநோயாளிகளுக்கான சிற்றாலயத்தின் இடிபாடு, சின்ன அருங்காட்சியகம். செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்தின் வளாகத்தில், விழாமல் காப்பாற்றிக் கொண்டுவந்த ஆல் செயின்ட்ஸின் ஒரு தாங்குசுவர் நிற்கிறது, தவறவிடாதீர்கள். படம் எடுக்கிறேன் என்று விளிம்புப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள், தம்பி. அது இன்றும் சரிகிற மணல்.