ஒழித்த மரண தண்டனையை ஓர் அரசு மீட்க முடியுமா?

கேள்வி: சட்டக் கல்லூரி விவாதப் போட்டியில் மரண தண்டனை ஒழிப்பை ஆதரித்துப் பேசவிருக்கிறேன். தண்டனையை ஒழித்த நாட்டில் அடுத்து வரும் அரசு அதை மீண்டும் கொண்டுவருவதைச் சர்வதேசச் சட்டம் தடுக்கிறதா? ஐ.நா. தீர்மானத்தைக் காட்டினால் போதுமா?

பதில்: போதாது. 2007 முதல் ஐ.நா. பொதுச் சபை நிறைவேற்றிவரும் தீர்மானங்கள் தண்டனை நிறைவேற்றத்தை நிறுத்திவைக்கக் கோருகின்றனவே தவிர, எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. 2007-இல் 104 ஆக இருந்த ஆதரவு வாக்குகள் 2024-இல் 130 ஆனதை அரசியல் போக்கின் அடையாளமாக மட்டும் சொல்லுங்கள். இந்தியா எதிர்த்தே வாக்களித்துவருகிறது என்பதை எதிரணி எப்படியும் எடுத்துப் போடும்.

நீங்கள் பற்றிக்கொள்ள வேண்டியது, குடிசார் மற்றும் அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாவது விருப்ப நெறிமுறை; அதாவது, இணையும் நாடுகள் மரண தண்டனையை ஒழிக்க வேண்டும் எனக் கட்டுப்படுத்தும் துணை ஒப்பந்தம். 1989-இல் ஏற்கப்பட்ட இதில் விலகுவதற்கான பிரிவே கிடையாது. போர்க்காலத்தில் இழைக்கப்படும் மிகக் கடுமையான இராணுவக் குற்றங்களுக்கு மட்டும் விலக்குக் கோரலாம். அதையும் இணையும்போதே கோரியிருக்க வேண்டும்.

பிலிப்பைன்ஸைச் சான்றாக எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 1987 அரசியலமைப்பு மரண தண்டனையை நீக்கியபோதே, கொடிய குற்றங்களுக்கு நாடாளுமன்றம் விரும்பினால் அதை மீட்கலாம் என்று ஒரு வாசலையும் திறந்துவைத்தது. 1993-இல் அந்த வாசல் வழியாகவே தண்டனை திரும்பி வந்து, ஏழு பேருக்கு நச்சு ஊசி மூலம் நிறைவேற்றவும்பட்டது. 2006-இல் மீண்டும் ஒழித்த அந்நாடு, மறு ஆண்டே நெறிமுறையிலும் இணைந்தது. அதனால், போதைப்பொருள் குற்றங்களுக்கு மரண தண்டனை விதிக்கும் மசோதாவைக் கீழவை 2017 மார்ச்சில் நிறைவேற்றியபோது, 1993-இல் எழ வழியில்லாத ஓர் ஆட்சேபம் எழுந்தது: இது ஒப்பந்த மீறல். மசோதா செனட்டைத் தாண்டவில்லை. அரசியல் காரணங்களும் அதில் இருந்தன என்பதால், ஒப்பந்தம் ஒன்றே தடுத்தது என்று மிகைப்படுத்திவிடாதீர்கள்.

இலங்கை இதற்கு நேர்மாறு. 1976-க்குப் பின் அங்கே யாரும் தூக்கிலிடப்படவில்லை என்றாலும் தண்டனை சட்டத்தில் இருக்கிறது. நெறிமுறையிலும் அந்நாடு இணையவில்லை. ஆகவே 2019-இல் அலுகோசு (தூக்கிலிடுபவர்) பணிக்கு விளம்பரம் வெளியிட்டு ஆள் தேடவும், நால்வரின் தண்டனையை நிறைவேற்ற ஜனாதிபதி கையொப்பமிடவும் முடிந்தது. அதை நிறுத்தியது உள்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் இடைக்காலத் தடைதான்.

“ஒப்பந்தத்தை மீறினால் யார் தண்டிப்பார்கள்?” என்று எதிரணி கேட்கும். உடன்படிக்கையின் அமலைக் கண்காணிக்கும் ஐ.நா. மனித உரிமைக் குழு மீறல் என்று அறிவிக்கலாம். மசோதாவைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் அதற்கில்லை. அதை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, உடன்படிக்கையின் உயிர்வாழும் உரிமைக்குக் குழு தந்த விளக்கமான 2018-ஆம் ஆண்டுப் பொதுக் கருத்துரை 36-ஐ முன்வையுங்கள்: ஒழித்தபின் மீண்டும் கொண்டுவரத் தடை உண்டு என்று அது வெளிப்படையாகவே கூறுகிறது.