அரிஸ்டாட்டில் சொன்ன நடுவழி என்றால் கோபமே படக்கூடாதா?

நற்குணம் மிகுதி, குறைவு என்ற இரண்டு எல்லைகளுக்கு நடுவில் இருக்கிறது என்று பழைய கிரேக்கத் தத்துவ ஞானி அரிஸ்டாட்டில் சொன்னார் என்றால் கோபத்தையும் பாதியோடு நிறுத்த வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ "நிதானமா இருங்க" என்று சொல்லி உங்கள் வாயை அடைத்திருக்கிறார்கள் போல.

பாதி என்று அரிஸ்டாட்டில் சொல்லவே இல்லை. தன் 'நிக்கோமாக்கிய அறவியல்' நூலின் இரண்டாம் பகுதியில் மைலோ என்ற மல்யுத்த வீரரைக் காட்டுகிறார். பத்து மினா (அந்தக் காலக் கிரேக்க எடை அளவு) உணவு அதிகம், இரண்டு குறைவு என்பதற்காகப் பயிற்சியாளர் எல்லோருக்கும் ஆறு மினா வைக்க மாட்டார். மைலோவுக்கு அது போதாது, புதிதாக வந்தவனுக்கோ மிகுதி. கோபமும் அப்படித்தான்: யார்மேல், எதற்காக, எப்போது, எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கோபப்பட வேண்டியதற்குக் கோபப்படாதவனை அவர் அசடு என்றே கருதுகிறார்.

நான் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் ஆயாம்மாவுக்குச் சம்பளத்தைப் பிடித்து வைத்திருந்தார்கள். ஆபீஸ் கிளார்க்கைத் திட்டி என்ன பயன்? அவர் கையில் எதுவும் இல்லை. ஸ்டாஃப் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் கரஸ்பாண்டன்ட்டையே கேட்டேன். "எதுலயும் ஒரு பேலன்ஸ் வேணும் மிஸ், பெரிய தத்துவ ஞானிகளே சொல்லியிருக்காங்க" என்றார். "முதல்ல ஆயாம்மா சம்பளத்தைக் குடுங்க சார்" என்று உட்காராமல் நின்றேன். அந்த வாரமே கொடுத்தார்கள். இன்றைக்கும் எனக்கு அதில் பெருமைதான்.

கத்துவதற்குச் சாக்குத் தேடுகிறேன் என்று சிலர் வருவார்கள். எரிந்து விழுவதையும் அரிஸ்டாட்டில் குறை என்றுதான் சொன்னார், தெரியும். அடிமை முறையை நியாயப்படுத்தியவர் ஆயிற்றே என்றால், ஆமாம், 'அரசியல்' நூலில் அதைச் செய்தார். அதை நான் ஏற்கவில்லை. ஆனால் திருட்டு, கொலை போன்றவற்றுக்கு நடு அளவே கிடையாது, எப்படிச் செய்தாலும் தப்பு என்று சொன்னவரும் அவர்தான். உழைத்தவர் கூலியைப் பிடித்து வைப்பதை நான் திருட்டில்தான் சேர்ப்பேன்.

அப்புறம், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். என்னைப் போன்ற எத்தனையோ டீச்சர்களுக்கு மே மாதச் சம்பளம் கிடையாது. லீவுதானே என்கிறார்கள். அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க வெயிலில் வீடு வீடாக எங்களைத்தான் அனுப்புகிறார்கள்.